இரவற் சுருதி: எஞ்சின் கணினியும் கண்டி மலைப்பாதைகளும்

கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள கராஜ்கள் சிலவற்றில் புதிய தெய்வமொன்று குடியேறியிருக்கின்றது. இரண்டு உள்ளங்கை அகலமுள்ள அலுமினியப் பெட்டியே அதன் கோயில். கருவறையுள் இருப்பது யாதென வழிபடுவோர் அறியார். வழிபாடு நடத்திவைப்போருட் பலரும் அறியார். பெட்டி அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நியூசிலாந்திலிருந்து வந்தது என்பதே தலபுராணம். குதிரைவலு கூடும் என்பதே வரம். வரம் கிட்டாமல் பிஸ்டன் உருகிப்போனால் பக்தனின் காணிக்கை போதவில்லை என்று பொருள். அடுத்த முறை இன்னும் விலையுயர்ந்த பெட்டியை வாங்கவேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார்களிலே தொழிற்சாலை பொருத்தியனுப்பிய எஞ்சின் கணினியைக் கழற்றிவிட்டுப் பிறிதொரு கணினியைப் பொருத்துவதும், அதனுள் உள்ள எண்களை மாற்றி எஞ்சினின் போக்கை மாற்றுவதுமே ஈண்டு ஆராயப்படும் பொருள். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் இதற்கென்ன இடமெனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் ஒன்றை எண்ணிப்பார்த்தல் தகும். ஒரு சமூகம் ஒரு பொறியை விலைகொடுத்து வாங்குவதற்கும் அப்பொறியை விளங்கிக்கொள்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை இச்சிறு பெட்டி காட்டுவதுபோல் வேறெதுவும் எளிதிற் காட்டாது. பெட்டியை மாற்றுவது பிழையன்று. பிறர், பிறநாட்டில், பிற எரிபொருளுக்கென எழுதிய எண்களை இரவல் வாங்கி, அவற்றைப் படிக்கவும் அறியாது ஓட்டுவதே பிழை.

எஞ்சின் கணினி செய்யும் தொழிலில் மாயம் எதுவுமில்லை. அகதகன எஞ்சினின் உருளைக்குள் எவ்வளவு வளி புகுகின்றது என்பதை உணரிகளைக்கொண்டு மதிப்பிட்டு, அதற்கேற்ற அளவு பெற்றோலை உட்செலுத்திகள் வழியே தெளிப்பது ஒரு வேலை. பிஸ்டன் எந்நிலையில் இருக்கும்போது தீப்பொறியைத் தூண்டவேண்டும் என்று தீர்மானிப்பது மற்றொரு வேலை. ஒருகாலத்தில் முதல் வேலையைக் காபரேட்டரும் இரண்டாவதை டிஸ்றிபியூட்டரும் செய்துவந்தன. 1967இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் இலத்திரனியல் முறையிலான எரிபொருள் உட்செலுத்தலை வொக்ஸ்வாகன் காரொன்றிற் புகுத்தியது. 1979இல் அதே நிறுவனத்தின் மோட்ரொனிக் அமைப்பு எரிபொருளையும் எரிபற்றலையும் ஒரே கணினியின் கீழ்க் கொண்டுவந்தது. அன்றிலிருந்து எஞ்சினின் இயல்பு இரும்பிலே மட்டுமன்றி எண்களிலும் வார்க்கப்பட்டு வருகின்றது.

அவ்வெண்கள் அட்டவணைகளாக அமைந்துள்ளன. நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்பது ஒரு பக்கம். உட்கொள்குழாயின் அமுக்கம் அல்லது திரொட்டில் திறந்துள்ள அளவு மறுபக்கம். பதினாறு நிரலும் பதினாறு நிரையும் கொண்ட அட்டவணையில் 256 கட்டங்கள் உள. எரிபொருளுக்கு ஓர் அட்டவணை. தீப்பொறியின் முந்துகைக்கு மற்றோர் அட்டவணை. குளிர்ந்த எஞ்சினுக்கும், சூடான வளிக்கும், வெறும் ஓட்டத்துக்கும் தனித்தனித் திருத்த அட்டவணைகள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண் யாரோ ஒருவர் ஏதோ ஓரிடத்தில் அளந்து எழுதியது. யார், எவ்விடத்தில், எதைக்கொண்டு அளந்தார் என்பதே இங்கு எழுப்பப்படவேண்டிய முதல் வினா. அது எழுப்பப்படுவதில்லை.

கண்டியிலிருந்து இவ்வினாவை எழுப்பாமலிருப்பது குறிப்பாக வியப்புக்குரியது. ஏனெனில், கொழும்பில் இல்லாத ஓர் இயற்கைப் பரிசோதனைக்கூடம் கண்டியின் வாசலில் இருக்கின்றது. கடல்மட்டத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 101 கிலோபஸ்கால். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அது 95 அல்லது 96 ஆகக் குறைகின்றது. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக மலையேறி ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடையும்போது அது ஏறத்தாழ 81 ஆகின்றது. அதாவது, காலையில் கடற்கரையில் இருந்த கார் மாலையில் ஐந்திலொரு பங்கு வளியை இழந்துவிடுகின்றது. ஒரே நாளில், ஒரே தாங்கிப் பெற்றோலில், ஓர் எஞ்சின் இத்தகைய வேறுபாட்டைச் சந்திக்கும் நாடு இது.

இவ்வேறுபாட்டைக் கணினி எவ்வாறு அறிகின்றது என்பது, அது எம்முறையில் வளியை மதிப்பிடுகின்றது என்பதைப் பொறுத்தது. உட்கொள்குழாயின் தனியமுக்கத்தை அளக்கும் முறையில் உயர வேறுபாட்டின் பெரும்பகுதி தானாகவே கணக்கில் வந்துவிடும். வளியின் திணிவை நேரடியாக அளக்கும் உணரி பொருத்திய கார்களிலும் அவ்வாறே. ஆனால், ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனித் திரொட்டில் பொருத்திய பந்தய எஞ்சின்களில், திரொட்டில் எவ்வளவு திறந்துள்ளது என்பதையும் சுழற்சி வேகத்தையும் மாத்திரம் பார்த்து எரிபொருளைத் தீர்மானிக்கும் முறை வழக்கிலுள்ளது. வளிமண்டல அமுக்கத்தை அளக்கத் தனியாக ஓர் உணரி இல்லாவிடின் இம்முறைக்கு மலையும் தெரியாது, கடலும் தெரியாது.

அதன் விளைவைச் சாதாரண எண்கணிதம் காட்டிவிடும். பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஒரு பங்கு பெற்றோலுக்குத் திணிவளவில் 14.7 பங்கு வளி வேண்டும். முழு வலுவில் ஓடும் சாதாரண எஞ்சினுக்கு 12.5 முதல் 13 வரை கொடுப்பது வழக்கம். கொழும்பில் 12.5 என ஒழுங்குசெய்யப்பட்ட எண்கள், வெப்பநிலை வேறுபாட்டை ஒதுக்கிவைத்துக் கணக்கிட்டால், நுவரெலியாவில் 10 ஆகிவிடும். எஞ்சின் கரும்புகை கக்கும், பிளக்குகள் கரிபிடிக்கும், வலு குன்றும். இது அவமானத்தோடு முடிகின்ற பிழை. மறுதலையான பிழை அத்தகையதன்று. நுவரெலியாவில் 12.5 என எழுதிய எண்களோடு மலையிறங்கினால் கொழும்பில் அது 15.5ஐத் தாண்டும். முழுப் பாரத்தில் இவ்வாறு எரிபொருள் குறைந்த கலவையை எரிக்கும் எஞ்சின் கடும் வெப்பத்துக்கு ஆளாகும். வால்வும் பிஸ்டனும் அதற்கு விலைகொடுக்கும்.

இதைவிட நுட்பமான பொறியும் உண்டு. கணினிகள் சில, சாவியைத் திருப்பும் கணத்தில் மாத்திரம் வளிமண்டல அமுக்கத்தை அளந்து, எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கும் வரை அந்த எண்ணையே நம்பியிருக்கும். சமதரை நாட்டில் இதனால் ஒரு தீங்குமில்லை. பேராதனையிற் புறப்பட்டு எங்கும் நிறுத்தாமல் நுவரெலியா வரை ஏறுகின்றவனின் கணினியோ மலையுச்சியிலும் பேராதனையின் வளியையே எண்ணிக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். டேர்போ பொருத்திய எஞ்சினில் மற்றொரு சிக்கல்: உட்கொள்ளும் அமுக்கத்தை எங்கும் 200 கிலோபஸ்காலாகவே வைத்திருக்குமாறு கட்டளையிட்டால், கடற்கரையில் வளியை இருமடங்காக அமுக்கிய டேர்போ நுவரெலியாவில் ஏறத்தாழ இரண்டரை மடங்காக அமுக்கவேண்டும். அதன் சுழற்சி வேகம் எல்லையைக் கடக்கக்கூடும். இவை நூல்களில் உள்ள செய்திகளே. எனினும், வேறு நாட்டில் இருந்துகொண்டு எண்களை எழுதியனுப்புபவர் றம்பொடையை அறியார். அறியவேண்டிய கடமையும் அவருக்கில்லை.

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1930களிலிருந்து வரும் மரபு. தேயிலைத் தோட்டத்தின் நடுவே வளைந்து ஏறும் குறுகிய பாதையில் ஒவ்வொரு காராக நேரத்தோடு போட்டியிடும். தாழ்நிலத்தில் ஒழுங்குசெய்த காரை மலைக்குக் கொண்டுவந்து ஓட்டுவோர்க்கு அப்பாதை ஆண்டுதோறும் ஒரே பாடத்தையே நடத்துகின்றது. மலையடிவாரத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்தையும் அதற்கொரு பொறியியற்பீடத்தையும் வைத்துக்கொண்டு அப்பாடத்தை எழுதிவைக்காமல் விட்டிருப்பது எவ்வகை நியாயம்?

எரிபொருளின் கதையும் இதுவே. லான்சர் எவலூஷன், இம்பிரேசா, சிவிக் டைப் ஆர் முதலிய கார்கள் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென ஆக்கப்பட்டபோது அவற்றின் தீப்பொறி அட்டவணைகள் ஏறத்தாழ 100 ஒக்டேன் கொண்ட அந்நாட்டு உயர்ரகப் பெற்றோலை எண்ணியே எழுதப்பட்டன. அவுஸ்திரேலியாவில் எழுதப்படும் அட்டவணைகள் பெரும்பாலும் அங்கு எளிதிற் கிடைக்கும் 98 ஒக்டேனை எண்ணியவை. இலங்கையின் நிரப்பு நிலையங்கள் பெரும்பாலானவற்றிற் கிடைப்பன 92, 95 ஆகிய இரண்டுமே. ஒக்டேன் குறைந்த பெற்றோலில் தீப்பொறியை அளவுமீறி முந்தச் செய்தால், சுவாலை சென்று சேருமுன்னரே கலவையின் எஞ்சிய பகுதி தானாக வெடித்தெழும். கராஜ்களில் ‘நொக்’ என வழங்கும் தட்டொலி அதுவே. சில நிமிடங்களில் பிஸ்டனின் விளிம்பை உடைக்க அது வல்லது. அயல்நாட்டு அட்டவணையை அப்படியே ஏற்றுபவன் தன் காரினுள் அந்நாட்டுப் பெற்றோல் இருப்பதாகப் பாவனை செய்கின்றான்.

மிருதங்க வித்துவான் ஒருவர் யாழ்ப்பாணத்து வெயிலில் சுருதி கூட்டிய மிருதங்கத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து, உறையைக் கழற்றியதும் கச்சேரியைத் தொடங்குவாரா? மேடையிலமர்ந்து, தம்பூராவைக் கேட்டு, கல்லும் புள்ளும் கொண்டு தட்டித் தட்டிச் சேர்த்த பின்னரே கை வைப்பார். தோல் அவ்விடத்துக் குளிரையும் ஈரத்தையும் வாங்கியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொருவர் வேறோர் ஊரிற் கூட்டிய சுருதி தமக்குப் போதுமென எந்தக் கலைஞனும் சொல்லமாட்டான். தோலுக்கும் மரத்துக்கும் தமிழர் அளித்துவந்த இந்த மரியாதையை எஞ்சினுக்கு அளிக்க மறுப்பானேன்?

இனி, தெரிவைப் பற்றிச் சொல்லவேண்டும். கணினியை மாற்றத்தான் வேண்டுமா என்பதே தெரிவின் முதற்படி. எஞ்சினில் எம்மாற்றமும் செய்யப்படாத காருக்குப் பெரும்பாலும் தொழிற்சாலைக் கணினியே சிறந்தது. அதனை ஆக்கியோர் கடுங்குளிரிலும் கடுவெயிலிலும் உயர்ந்த மலைகளிலும் காரை ஓட்டிப் பார்த்து அதன் எண்களை எழுதியிருக்கின்றனர். தட்டொலியைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்வாங்கும் காவலும் அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் உண்டு. இத்தகைய கணினியை எறிந்துவிட்டு யாரோ அனுப்பிய எண்களைக் கட்டிக்கொள்பவன், இரவற் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதையை மீண்டும் நடத்துகின்றான்.

மாற்றுவதற்கு நியாயமான காரணங்களும் உள. 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த மிட்சுபிஷி கார்களின் கணினிகளில் மின்பகு கொள்ளளவிகள் காலப்போக்கிற் கசிந்து சுற்றுப்பலகையை அரிப்பது உலகெங்கும் அறியப்பட்ட கோளாறு. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை இலங்கையில் தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் பழைய கார்களைக் காப்பாற்றி ஓட்டுவது பொழுதுபோக்காக அல்லாமல் தேவையாகவே இருந்தது. பெரிய டேர்போவோ, கூரிய கமரம் கொண்ட தண்டோ, பெரிய உட்செலுத்திகளோ பொருத்தப்பட்ட எஞ்சினுக்குப் பழைய எண்கள் பொருந்தா என்பதும் வெளிப்படை. அப்போது மூன்று வழிகள் உள: தொழிற்சாலைக் கணினியின் நினைவகத்திலேயே எண்களை மாற்றி எழுதுவது, அதன் சமிக்ஞைகளை இடைமறித்துப் பொய்யுரைக்கும் சிறு கணினியொன்றை இடையிற் பொருத்துவது, முற்றிலும் தனித்தியங்கும் புதிய கணினியைப் பொருத்துவது. முதலாவது இயலுமாயின் அதுவே சிக்கனமானது. இரண்டாவது, மூலக் கணினியை ஏமாற்றுவதால் வரும் குழப்பங்களோடு கூடியது. மூன்றாவது செலவும் உழைப்பும் மிக்கது. ஆயின் அதுவே முழுச் சுதந்திரம் தருவது.

முழுச் சுதந்திரம் தருவது என்று சொன்னவுடனேயே ஒரு நிபந்தனையைச் சேர்க்கவேண்டியிருக்கின்றது. பெட்டி திறந்திருந்தாற்றான் அது சுதந்திரம். அட்டவணையை எழுதிக்கொடுத்தவர் அதற்கொரு கடவுச்சொல்லைப் பூட்டிவிட்டுச் செல்வது உலகெங்குமுள்ள வழக்கம். இலங்கையும் அதற்கு விலக்கன்று. பணம் கொடுத்தவன் தன் காரின் எண்களைத் தானே பார்க்க முடியாது. எழுதியவர் நாட்டைவிட்டுப் போனாலோ தொழிலை விட்டாலோ அந்தக் கார் ஊமையாகிவிடும். தொழில் இரகசியம் என்பர். வைத்தியர் ஒருவர் நோயாளிக்குக் கொடுத்த மருந்தின் பெயரை நோயாளியிடமே மறைப்பாராயின் அதனை எப்பெயரால் அழைப்பது?

ஆகவே, பெட்டியின் பெயரையும் விலையையும் கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. அட்டவணை முழுவதும் உரிமையாளனுக்குத் தெரியுமா? ஓட்டத்தின்போது உணரிகள் சொன்னவற்றைப் பதிவுசெய்து பின்னர் படிக்க முடியுமா? வளிமண்டல அமுக்கத்தை ஓயாது அளக்க இடமுண்டா? பழுதுபட்டால் இந்நாட்டிலேயே திருத்த எவரேனும் உளரா? ஹோல்ரெக், மோட்டெக், லிங்க் முதலியவை வெப்பத்தையும் அதிர்வையும் தாங்குவதற்கென உறுதியாகச் செய்யப்பட்டவை; அவற்றின் மென்பொருளும் பயனாளி தாமே எண்களை மாற்றத் தக்கவாறு அமைந்ததே. அவற்றைக் குறைகூறுவதற்கில்லை. பெட்டிக்கு வெளியே போடப்படும் பூட்டே குறைக்குரியது.

இன்னொரு மரபும் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புரூஸ் பௌலிங், அல் கிறிப்போ என்னும் அமெரிக்கர் இருவர் மெகாஸ்குவேட் என்ற எஞ்சின் கணினியைப் பயனாளர் தம் கையாலேயே பொருத்திப் பற்றாசு பிடித்து ஆக்கிக்கொள்ளும் தொகுதியாக வெளியிட்டனர். விலை குறைவு என்பதைவிட, செய்து கற்றல் என்பதே அதன் சிறப்பு. பின்னர், மாணவர் கைகளில் எங்கும் புழங்கும் ஆர்டுயினோப் பலகையை அடிப்படையாகக் கொண்டு ஸ்பீடுயினோ தோன்றியது. ரஸ்இஎஃப்ஐ என்பதும் அவ்வினத்தது. இவ்விரண்டின் சுற்றும் நிரலும் எவரும் படிக்கவும் மாற்றவும் தக்கவாறு திறந்துவைக்கப்பட்டுள்ளன. இவற்றிலும் இடர்கள் உள. பற்றாசு சரியாகப் பிடிக்காத பலகை நடுவீதியில் நின்றுவிடும். எரிபற்றற் சுற்றின் மின்னிரைச்சல் சுழற்சி உணரியைக் குழப்பும். ஆனால் இவை கற்று நீக்கத்தக்க இடர்கள். பூட்டிய பெட்டியின் அறியாமையோ கற்பதற்கே இடந்தராதது.

சுருதி கூட்டும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அவசரக்காரர் அதன் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகின்றனர். எஞ்சின் உடலால் நலமாயிருக்கின்றதா என்பதே முதலிற் பார்க்கவேண்டியது: உருளைகளின் அமுக்கம், பெற்றோல் பம்பியின் அமுக்கம், உட்கொள்குழாயில் வளிக்கசிவு ஆகியவை. அடுத்து, கணினி நம்பும் தீப்பொறிக் கோணமும் உண்மையான கோணமும் ஒன்றா என்பதை விட்டுவிட்டொளிரும் விளக்கைக்கொண்டு சரிபார்த்தல். பின்னர் வெறும் ஓட்டம், பின்னர் மென்பாரம், ஈற்றிலேயே முழுப்பாரம். சாதாரண ஒட்சிசன் உணரி கலவை 14.7இன் எப்பக்கத்தில் உள்ளது என்பதை மாத்திரமே சொல்லும். எவ்வளவு விலகியுள்ளது என்பதை அகலவீச்சு உணரியே சொல்லும். அது இல்லாமல் முழுப்பார எண்களை எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவதாகும். தீப்பொறியைப் பின்தங்கிய நிலையிலிருந்து சிறிது சிறிதாக முந்தச் செய்து, முறுக்கம் கூடுவது நின்றவிடத்திலோ தட்டொலி தோன்றுவதற்கு வேண்டிய இடைவெளி விட்டோ நிறுத்தவேண்டும். டேர்போ எஞ்சினில் 95 ஒக்டேனோடு பெரும்பாலும் தட்டொலியே முந்திவரும்.

இவற்றுள் முழுப்பார வேலையைப் பொதுவீதியிற் செய்வது எவ்வகையாலும் நியாயப்படுத்தத் தக்கதன்று. பேராதனை வீதியும் ஹந்தானைச் சரிவும் பாடசாலைப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளரும் நடக்கும் பாதைகள். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே மலைவளைவில் முழு வேகம் கொடுப்பவன் அளப்பது தன் எஞ்சினை மட்டுமன்று. பிறருடைய ஆயுளையும் கூடத்தான். டைனமோமீற்றர் என்னும் சோதனை மேடை இதற்கெனவே உள்ளது.

கண்டிக்கு இவ்விடயத்தில் வேறொரு நியாயமும் உண்டு. மலைகள் சூழ்ந்த கிண்ணத்தின் அடியில் நகரம் இருக்கின்றது; கக்கிய புகை எளிதில் வெளியேறுவதில்லை. மிகையான பெற்றோலோடு ஓடும் எஞ்சின் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும் அக்கிண்ணத்திலேயே ஊற்றுகின்றது. 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை பெற்றோல் வாகனத்தை வெறும் ஓட்டத்திலும், பாரமின்றி 2,500 சுழற்சியிலும் பார்க்கின்றது. 256 கட்டங்களில் அவ்விரு நிலைகளும் தொடும் சில கட்டங்களை மட்டும் ஒழுங்குசெய்து சான்றிதழ் பெறுவது எண்களை அறிந்தவனுக்குக் கைவந்த கலை. மலையேறும்போது அந்தக் கார் என்ன கக்குகின்றது என்பதைச் சான்றிதழ் சொல்லாது.

இவ்வேமாற்று கராஜ்களின் கண்டுபிடிப்பன்று. சோதனை நடப்பதை உணர்ந்து அவ்வேளையில் மாத்திரம் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும் மென்பொருளை வொக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசற் கார்களில் வைத்திருந்தது 2015இல் உலகறிய அம்பலமாயிற்று. அதற்கு வழிவகுத்தது எது? அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் சிலர், கொண்டுசெல்லத்தக்க அளவுகருவிகளைக் காரிலேற்றி, சோதனைக்கூடத்துக்கு வெளியே வீதியில் அளந்து 2014இல் வெளியிட்ட முடிவுகளே. பூட்டிய பெட்டியின் பொய்யை உலகுக்குக் காட்டியவர் ஒரு பல்கலைக்கழகத்தினர் என்பது பேராதனையின் நினைவில் இருக்கத் தக்கது.

இனி மறுப்புகளை எதிர்கொள்ளலாம். இது செல்வந்தரின் விளையாட்டு என்பது முதலாவது மறுப்பு. காரின் உரிமையாளன் செல்வந்தனாக இருக்கலாம். அதன் கீழே படுத்துக் கிடப்பவன் அல்லன். கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் கராஜ்களில் உழைக்கும் இளைஞர்களுக்கு இவ்வறிவே நாளைய சோறு. எரிபொருள் உட்செலுத்தலும் எஞ்சின் கணினியும் இன்று ஸ்போர்ட்ஸ் காரில் மாத்திரம் இல்லை. சிறிய குடும்பக் காரிலும் லொறியிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் உள. ஸ்போர்ட்ஸ் காரின் சிறப்பு, அங்கு மட்டுமே உரிமையாளன் பெட்டியைத் திறக்கத் துணிகின்றான் என்பதே. அங்குக் கற்ற கை வேறிடத்தில் உதவும். 2022இல் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலே பங்கிடப்பட்ட நாட்களில், கலவையைச் சரியாக அளந்து திருத்தத் தெரிந்த கை எவ்வளவு பெறுமதியானது என்பதைச் செல்வந்தரல்லாதோரே நன்கறிந்தனர்.

வெளிநாட்டு வல்லுநரின் அனுபவத்தோடு உள்ளூரார் போட்டியிட முடியுமா என்பது இரண்டாவது. வல்லுநரின் அறிவை மறுப்பார் எவருமில்லை. இங்கு ஓடிய காரின் பதிவுகளைப் பெற்று, அவற்றைப் படித்து, எண்களைப் படிப்படியாகத் திருத்தியனுப்புபவர் ஆசிரியர்; அவரிடம் கற்பது பெருமையே. வேறொரு காருக்கு எழுதிய அட்டவணையைப் பிரதி செய்து விற்பவரோ தரகர். இவ்விருவரையும் பிரித்தறிய இயலாத நிலையே சார்புநிலை எனப்படும். பணம் வெளியே போவது அதன் சிறிய பகுதி. தீர்மானிக்கும் ஆற்றல் வெளியே போவதே பெரிய பகுதி.

தமிழில் இவற்றைச் சொல்லவியலாது என்பது மூன்றாவது மறுப்பு. அது பெரும்பாலும் படித்தவர்களிடமிருந்தே வருவது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். மனித உடலைத் தமிழாற் சொல்ல முடிந்தது என்றால் நான்கு உருளைகொண்ட எஞ்சினைச் சொல்ல முடியாதா? இலங்கைப் பாடசாலைகள் அமுக்கம், திணிவு, தகனம், வினைத்திறன், கொள்ளளவி ஆகிய சொற்களைத் தலைமுறைகளாகக் கற்பித்துவருகின்றன. கராஜ்களோ ‘நொக்’, ‘பிளக்’, ‘டைமிங்’ ஆகியவற்றைத் தமிழாக்கியே விட்டன. பள்ளிச் சொல்லும் கராஜ்ச் சொல்லும் ஒரே பக்கத்தில் சந்திக்காதிருப்பதே குறை. அப்பக்கத்தை எழுதவேண்டியவர் இவ்விரு மொழியும் கேட்டு வளர்ந்த மாணவரன்றி வேறெவர்?

1950இல் கொழும்பில் தொடங்கிய பொறியியற்பீடம் 1964இல் பேராதனைக்கு வந்தது. மகாவலியின் ஒரு கரையில் கலைப்பீடமும் மறுகரையில் பொறியியற்பீடமும் நிற்கின்றன. இடையே ஒரு பாலம் உண்டு. பீடத்துக்கும் கராஜுக்கும் இடையே பாலமில்லை. எஞ்சினின் வெப்பவியக்கச் சமன்பாட்டைப் பரீட்சைத் தாளில் எழுதத் தெரிந்தவன் அதன் பிளக்கின் நிறத்தைப் படிக்கத் தெரியாதவனாய்ப் பட்டம் பெறுகின்றான். பிளக்கின் நிறத்தைப் பார்த்தே கலவையைச் சொல்லத் தெரிந்தவன் சமன்பாட்டின் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றான். இருவருக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திற்றான் பூட்டிய பெட்டி விலைபோகின்றது.

செய்யத்தக்கது பெரிதன்று. மாணவர் சிலரும் கராஜ்த் தொழிலாளர் சிலரும் சேர்ந்து, திறந்த கணினியொன்றைப் பழைய காரொன்றிற் பொருத்தி, பேராதனையில் ஒருமுறையும் கம்பளையில் ஒருமுறையும் நுவரெலியாவில் ஒருமுறையும் அளந்து, 92க்கும் 95க்கும் தனித்தனி அட்டவணை எழுதி, அளந்த முறையையும் அடைந்த தவறுகளையும் மறைக்காது தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டாற் போதும். அதனைப் பார்த்து அடுத்தவர் திருத்துவர். இரவலாக வந்த எண்ணைத் திருத்த எவருக்கும் உரிமையில்லை; அளந்து எழுதிய எண்ணைத் திருத்த எல்லாருக்கும் உரிமையுண்டு.

அது நிகழும் வரை கண்டியின் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடிக்கொண்டுதானிருக்கும். மலையேறும்போது கரும்புகை கக்கும். இறங்கும்போது தட்டொலி எழுப்பும். கச்சேரி நடக்கின்றது, சுருதி சேரவில்லை. மிருதங்கத்தைக் கூட்டியவர் ஊரில் இல்லை. மேடையில் இருப்பவர் கையிற் கல்லும் இல்லை, புள்ளும் இல்லை.